செருப்பு வெளியே இருக்கட்டும்

இதை இதுவரை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் சிரித்தார்கள். நாலாமவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் எங்கள் வாசலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நீங்கள் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடந்தது நடந்ததுதான். கண் காது மூக்கு எதுவும் நான் வைக்கவில்லை.

நடந்தது எனக்கு இல்லை, என் மனைவிக்கு. எனக்கு நடந்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவளைத் தட்டி எழுப்பித் துணைக்குக் கூட்டிப் போகிற வீரன் நான். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால், "அப்போ ரூம்ல எத்தனை டிகிரி இருந்துச்சு?" என்று கேட்பாள். எதற்கும் ஒரு எண் இருந்தால்தான் நம்புவாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது.

அருங்காட்சியகங்களில் சென்சார் பொருத்துவது அவள் வேலை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா. அறையின் சூடு, காற்றில் இருக்கும் ஈரம், கரியமில வாயு, இந்த மூன்றையும் சில வினாடிக்கு ஒரு தரம் அளந்து அவள் கையில் இருக்கும் டேப்லெட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறினால் பழைய மரம் உப்பும். இறங்கினால் வெடிக்கும். கரியமில வாயு ஏறினால், உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நாம் வெளியே விடுகிற மூச்சு அதுதானே. "ஆள் பொய் சொல்லலாம், காத்து பொய் சொல்லாது" என்பாள். வீட்டிலும் இதையே சொல்லி என்னை மடக்குவாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. டப்பாவை மாட்டியதும் அதன் முன்னால் வாயை வைத்து, விட்டு விட்டு மூன்று தரம் ஊதுவாள். ஹா... ஹா... ஹா... டேப்லெட்டில் கோடு மூன்று தரம் ஏறி இறங்கினால் டப்பாவுக்கு உயிர் இருக்கிறது. பிறகு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அவள் விட்டுவிட்டு வந்த மூச்சு கலைந்து, எண்கள் எல்லாம் இறங்கி ஒரு நிலைக்கு வரவேண்டும். "அறை நம்மள மறக்கணும்" என்பார்கள் அந்தத் தொழிலில்.

அன்று போனது ஒரு அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இருக்கிற சாமான் அறைக்கு. வார விடுமுறை நாள். நல்ல வெயில். ஆனால் அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது, விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நடுராத்திரியும் ஒன்றுதான். உள்ளே முழுக்க மரச் சாமான். ஆளுயரக் குதிரை, உடைந்த வாத்தியங்கள், யாரோ பெரிய வீட்டுக் குழந்தை படுத்த ஒரு தொட்டில். எல்லாவற்றிலும் வண்டு விழுந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றின் கீழேயும் மாவு கொட்டிக் கிடக்குமாம்.

அதற்கு மருந்து, அறையை டேப் ஒட்டி அடைத்து, உள்ளே இருக்கிற காற்றை விரட்டிவிட்டு நைட்ரஜனை நிரப்புவது. மூன்று வாரம் அப்படியே வைத்தால் வண்டு சாகும். மனுஷன் சாக மூன்று வாரம் எல்லாம் வேண்டாம், சில நிமிஷமே ஜாஸ்தி. வாசனை வராது, இருமல் வராது, கண் எரியாது. தூக்கம் வருகிற மாதிரி வந்து ஆள் போய்விடுவான். அதனால் உள்ளே யாரும் இல்லை, அறை தயார் என்று என் மனைவி கையெழுத்துப் போட்ட பிறகுதான் சிலிண்டரைத் திறக்கலாம். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த அறைக்குச் சாவி வைத்திருந்தவரை எல்லாரும் சாவி அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரிடம் ஒரு கணக்கு உண்டு. தூசி போகக்கூடாது என்பதால் யாராக இருந்தாலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பூட்டும்போது அவர் அறையை எட்டிப் பார்க்க மாட்டார், வாசலைத்தான் பார்ப்பார். செருப்பு இருந்தால் ஆள் இருக்கிறது. செருப்பு இல்லையென்றால் ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கு தப்பியதே இல்லை என்று அவளிடம் மார் தட்டிக்கொண்டாராம்.

அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பான காப்பாட்சியர் என்று ஒருவர். போனைக் காதிலிருந்து எடுக்காத மனிதர். காலையில் ஒரு தச்சர் வந்து அலமாரிக்குப் பலகை மாற்றிக்கொண்டிருந்ததாகவும், காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டதாகவும் அவர்தான் சொன்னார். தச்சர் போன பிறகு நாலு ஆட்கள் வந்து பெரிய பெட்டிகளைத் தள்ளி அலமாரி முன்னால் அடுக்கிவிட்டுப் போனார்களாம். இனி உன் வேலைதான் பாக்கி என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஒன்றாம் நம்பர் டப்பா கதவிலேயே. பழைய சாவித் துவாரம் ஒன்றைப் பட்டி பூசி அடைத்திருந்தார்கள், அதற்கு நேர் மேலே மாட்டினாள். ஆணி இறங்க வசதியாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். ரெண்டும் மூன்றும் நடைவழியில். நாலாவது கடைசி மூலையில், பெட்டிகளுக்கு முன்னால் இருந்த தூணில். ஒவ்வொன்றிலும் மூன்று தரம் ஊதினாள்.

நாலாவதை ஊதும்போது ஒரு வாசனை வந்தது. வயர் கருகின வாசனை. சுற்றிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. திரும்பி நடந்தாள். பாதி வழியில், பின்னால்...

ஹா...

ஒரே ஒரு தரம். மெதுவாக.

நின்றாள். திரும்பினாள். குதிரை, தொட்டில், பெட்டிகள். ஏசியை முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய மரம் சில சமயம் சத்தம் போடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நானாக இருந்தால் அந்த ஹாவோடு வேலையையே விட்டிருப்பேன்.

வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்தாள். முதலில் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். ஒன்றாம் நம்பர் கோட்டில், அவள் ஊதிய மூன்று மேடு. அது சரி. அவள் ரெண்டாவதற்கு நகர்ந்த பிறகு, அதே ஒன்றாம் நம்பரில் இன்னும் மூன்று மேடு. ரெண்டிலும் அப்படி. மூன்றிலும் அப்படி. அவள் ஊதிவிட்டுப் போன ஒவ்வொரு இடத்திலும், யாரோ பின்னாலேயே வந்து, அவள் செய்ததைப் பார்த்துச் செய்த மாதிரி.

டேட்டா ரெண்டு தரம் வந்திருக்கும் என்று நினைத்தாள். எண்ணை நம்புகிறவர்களுக்கு எண்ணைத் திட்டவும் தெரியும்.

அரைமணி ஆயிற்று. கரியமில வாயுவைப் பார்த்தாள். ஒன்று, ரெண்டு, மூன்று, எல்லாம் நானூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டன. வெளிக்காற்று எப்படியோ அப்படி. நாலு மட்டும் அறுநூற்றுப் பத்து.

பார்த்துக்கொண்டே இருந்தாள். அறுநூற்று முப்பது. அறுநூற்று நாற்பத்தைந்து.

"அண்ணே, உள்ள யாராவது இருக்காங்களா?"

சாவி அண்ணன் வாசலைப் பார்த்தார். "ஒங்க செருப்பு ஒங்க கால்ல இருக்கு. வேற ஜோடி இல்ல. செருப்பு இல்லன்னா ஆள் இல்லம்மா."

இருந்தாலும் அவள் விடவில்லை. அவரும் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்து, டார்ச் அடித்து, பெட்டிகள் வரைக்கும் போய், யாருப்பா யாருப்பா என்று குரல் கொடுத்துவிட்டு வந்தார். பதில் இல்லை. அவள் உள்ளே போய் ரெண்டாம் டப்பாவையும் நாலாம் டப்பாவையும் இடம் மாற்றி மாட்டினாள். டேப்லெட்டில் நம்பரையும் இடத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றிவிட்டாள், மூலை எப்போதும் நாலுதான். கோளாறு டப்பாவில் என்றால் அது போகிற இடத்துக்குக் கூடவே போகும். கோளாறு இடத்தில் என்றால் அங்கேயே நிற்கும். மறுபடி வெளியே. மறுபடி அரைமணி.

கோளாறு அங்கேயே நின்றது. அதே மூலை. எழுநூற்று இருபது.

அதற்குள் காப்பாட்சியருக்குப் பொறுமை போய்விட்டது. அவரையும் குறை சொல்ல முடியாது. தொட்டிலுக்குக் கீழே அன்று காலையில் அள்ளிய மாவைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்திருந்தார். அதைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினார்.

"சிலிண்டர் வண்டி இன்னைக்கு விட்டா இனி அடுத்த மாசம்தான். அதுவரைக்கும் இது தாங்காதும்மா. ஆள் இல்லன்னு கண்ணால பாத்தாச்சு. டப்பா சொல்றதுக்காக நிறுத்தச் சொல்றீங்களா?"

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள். ஈரச் சுவரா? ஈரத்துக்குக் கரியமில வாயு ஏறாது. பூஞ்சையா? இவ்வளவு வேகமாக ஏறுமா? தேடிப் பார்த்தாயிற்று, கூப்பிட்டுப் பார்த்தாயிற்று, டப்பா மாற்றிப் பார்த்தாயிற்று. சாவி அண்ணன், காப்பாட்சியர், சிலிண்டர் வண்டியோடு வந்தவர் என்று மூன்று ஆண்கள் தலைக்கு மேலே நின்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், எங்கிருந்தோ பழைய மரத்திலிருந்து வருகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கதவு சாத்திப் பூட்டப்பட்டது. விளிம்பெல்லாம் டேப் ஒட்டினார்கள். சிலிண்டர்காரர் குழாயை மாட்டி, சிலிண்டரைத் திறக்கிற திருகியைத் தேடிக்கொண்டிருந்தார். மணி மூன்றே முக்கால்.

கையெழுத்துப் போட்டாலும் கண் டேப்லெட்டை விட்டு எழவில்லை.

நாலு, எழுநூற்றுத் தொண்ணூறு.

மூன்று, நானூற்று இருபது... நானூற்று அறுபது.

ஐநூற்று முப்பது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மூன்று ஏன் ஏறுகிறது?

மூன்று இறங்கியது.

ரெண்டு ஏறியது.

நடை. அது நடை. மூலையிலிருந்து கிளம்பி, நடைவழியில், அவசரமே இல்லாமல்... யாரோ கதவை நோக்கி நடந்து வருகிறார்கள்.

நாலு இறங்கவே இல்லை. அது எழுநூற்றுத் தொண்ணூறிலேயே இருந்தது. அப்படியென்றால் ஒருவர் அங்கே. ஒருவர்... இங்கே.

ரெண்டு இறங்கியது.

அவளுக்கும் கதவுக்கும் நடுவில் ரெண்டு அடிதான்.

ஒன்று...

ஏறியது. இறங்கியது.

ஏறியது. இறங்கியது.

ஏறியது...

மூன்று தரம். விட்டு விட்டு. அவள் ஊதுகிற மாதிரியே.

"சிலிண்டரத் திறக்காதீங்க!"

அவள் கத்திய கத்தலில் சிலிண்டர்காரர் கையிலிருந்த திருகி கீழே விழுந்தது. அவள் டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சாவி அண்ணன் என்ன நினைத்தாரோ, ஒன்றும் கேட்காமல் பூட்டைத் திறந்தார்.

கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

வயர் கருகின வாசனை மட்டும்.

அவள் செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே உள்ளே ஓடினாள். செருப்பு செருப்பு என்று பழக்கதோஷத்தில் ஒரு குரல் பின்னால் கேட்டது. நேரே நாலாம் நம்பர். தூண். பெட்டிகள். பெட்டிச் சந்தில் காதை வைத்தாள்.

கேட்டது. மிக மெலிதாக, கரகரவென்று, மனுஷ மூச்சு.

நாலு பேரும் சேர்ந்து தள்ளித்தான் அந்தப் பெட்டி நகர்ந்தது. பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், தச்சர் சுருண்டு கிடந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. நினைவில்லை. தலைமாட்டில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

பொட்டலத்தில் புதுச் செருப்பு.

பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்குக் கிளம்பியவர் ரம்பத்தை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்திருக்கிறார். மகள் வாங்கிக் கொடுத்த செருப்பு, வெளியே விட்டால் யாராவது போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். சுற்றி உள்ளேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார். தலை சுற்றியிருக்கிறது, கொஞ்சம் படுப்போம் என்று படுத்திருக்கிறார். வாசலில் செருப்பு இல்லை. பெட்டி தள்ளியவர்கள் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு நிமிஷம் முன்னாலேயே அந்தத் திருகி கிடைத்திருந்தால்... அதை நினைக்கும்போதெல்லாம் என் மனைவி வலதுகை ஆள்காட்டி விரலை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள்.

ஆம்புலன்ஸ் வந்து தச்சரைத் தூக்கிக்கொண்டு போனது. பொட்டலமும் அவர் கூடவே போயிற்று. அன்றைக்கு இனி எந்த வேலையும் வேண்டாம் என்று காப்பாட்சியரே சொல்லிவிட்டார். சாவி அண்ணன் கதவைச் சாத்தி, பூட்டி, பழக்கப்படி வாசலைப் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கதவோரமாக ஒரு ஜோடி செருப்பு.

அவள் செருப்பு அவள் காலில். காப்பாட்சியர் ஷூ அவர் காலில். சிலிண்டர்காரர் பூட்ஸைக் கழற்றவே இல்லை. சாவி அண்ணன் தன் காலைப் பார்த்துக்கொண்டார், அவருடையதும் அங்கேதான் இருந்தது.

இது பழைய தோல் செருப்பு. தூசி படிந்திருந்தது. இடது கால் வார் அறுந்து, செம்புக் கம்பியால் தைத்திருந்தது.

சாவி அண்ணன் முகத்தில் வேர்வை ஊற்றியது. பூட்டிய பூட்டை அவரே மறுபடி திறந்தார். ரெண்டு கதவையும் விரியத் தள்ளிவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றார். மற்றவர்களையும் ஒதுங்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"செருப்பு இருக்கு... ஆள் உள்ள இருக்கு. பூட்டமாட்டேன்."

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். ஒன்றாம் நம்பர் அறுநூறு.

ஐநூற்று ஐம்பது.

ஐநூறு.

நானூற்று இருபது.

வெளிக்காற்று.

தலையை நிமிர்த்தினாள். வாசலில் செருப்பு இல்லை. நாலு பேரில் ஒருவரும் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி நகரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து டப்பாக்களைக் கழற்ற அவள் போனபோது சாவி அண்ணன் வாயைத் திறந்தார். அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்ததாம். ஒரு எலக்ட்ரீஷியன். உள்ளே வயர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் செருப்பை வெளியே யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது சாவி வைத்திருந்தவர் வாசலைப் பார்த்தார், செருப்பு இல்லை, பூட்டிவிட்டுப் போய்விட்டார். தொடர்ந்து நாலு நாள் விடுமுறை. அறுந்த செருப்பைச் செம்புக் கம்பியால் தைத்துப் போட்டுக்கொள்வார், நல்ல செருப்பு வாங்கப்பா என்று எல்லாரும் கேலி செய்வார்களாம். கதவைத் திறந்தபோது அவர் முட்டி போட்டபடி கிடந்தார். வாய் சாவித் துவாரத்தில் இருந்தது. கடைசி வரைக்கும் அதன் வழியாக ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார், யாராவது கேட்கமாட்டார்களா என்று. அந்தச் செருப்பு கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அந்தத் துவாரத்துக்கு நேர் மேலேதான் இவள் ஒன்றாம் நம்பரை மாட்டியிருந்தாள்.

இதையெல்லாம் கேட்டும் என் மனைவி பேய் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. தச்சரே எழுந்து நடந்திருக்கலாமோ என்று ஒரு வாரம் குழம்பினாள். நாலு பேர் தள்ளி நகர்ந்த பெட்டியைத் தாண்டி அவர் எப்படி நடப்பார்? சந்தேகம் தீர, அவர் உடம்பு தேறியதும் ரெண்டு பேரும் பார்க்கப் போனோம். நல்ல மனிதர். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், அவர் மகள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

எழுந்திருக்கவே இல்லை என்றார். கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பில்லையாம். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே தன்னோடு இருந்த அந்த இன்னொருவர் யார் என்று எங்களைக் கேட்டார். யாரும் இல்லையே என்றாள் என் மனைவி.

"இருந்தாரும்மா. தலைமாட்டுலயே உக்காந்திருந்தார். ஒரே கேள்வியத் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு இருந்தார். 'செருப்ப ஏம்ப்பா உள்ள கொண்டுவந்தே? எப்படி அவங்களுக்குத் தெரியும்?'னு. அப்புறம், 'சரி, நான் போய்ச் சொல்றேன்'னு எழுந்து போனார்."

நாங்கள் விடைபெற்றுக் கிளம்பினோம். வாசலில் எங்கள் ரெண்டு ஜோடிச் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. என் மனைவி குனிந்து அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில், மழையே பெய்தாலும், யாரும் செருப்பை உள்ளே எடுத்து வைப்பதில்லை.